ஆடியோ புத்தகத்தில் பாதி வாசிப்பவர் கையில்: குரலைத் தேர்ந்தெடுத்துக் கேட்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடியோ புத்தகம் தனக்கு ஒத்துவரவில்லை என்று யாராவது சொன்னால், எந்தப் புத்தகம் என்று கேட்காமல் யார் வாசித்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. புத்தகத்தின் பெயர் தெரியும், எழுதியவர் பெயர் தெரியும், எட்டுப் பத்து மணி நேரம் காதுக்குள் பேசிய ஆளின் பெயர் மட்டும் தெரியாது. பிடிக்காமல் போனதற்கான பழி புத்தகத்தின் மேல் விழுந்திருக்கும், இல்லையென்றால் 'எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை' என்று தன் மேலேயே போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அச்சில் படிக்கும்போது எங்கே நிறுத்துவது, எந்தச் சொல்லை அழுத்துவது, ஒரு வரியைக் கோபமாக எடுத்துக்கொள்வதா கிண்டலாக எடுத்துக்கொள்வதா என்பதையெல்லாம் நம் மனசுதான் முடிவு செய்கிறது. 'நீங்க வந்தா நல்லாத்தான் இருக்கும்' என்று ஒரு பாத்திரம் சொல்கிறது என்று வையுங்கள். மனசார அழைப்பதாகவும் இருக்கலாம், வந்து தொலைக்காதே என்பதாகவும் இருக்கலாம். தாளில் இருக்கும்வரை இரண்டுக்கும் இடம் உண்டு. வாசிப்பவர் வாயைத் திறந்ததும் ஒன்று போய்விடுகிறது. ஒரு நாவல் முழுக்க இப்படி எத்தனை இடங்கள் வரும் என்று யோசித்தால், ஆடியோ புத்தகத்தில் நாம் கேட்பது எழுத்தாளர் எழுதியதை மட்டும் இல்லை, அதை ஒருவர் புரிந்துகொண்ட விதத்தையும் சேர்த்துத்தான் என்பது தெரியும்.

என் கட்சி இதுதான்: அழகான குரலுக்கு நாம் ரொம்பவே மதிப்புக் கொடுக்கிறோம், நல்ல வாசிப்பைக் கவனிப்பதே இல்லை. இரண்டும் வேறு. அதைப் பிரித்துக் கேட்கப் பழகிவிட்டால் அடுத்து எந்தப் புத்தகத்தைக் காதில் போடுவது, எதை அச்சிலேயே படிப்பது என்ற முடிவெல்லாம் சுலபமாகிவிடும். கீழே இருப்பது அதற்கான வழி. வரிசையாகச் செய்தால் நல்லது, ஏற்கெனவே நிறையக் கேட்பவராக இருந்தால் உங்களுக்குத் தேவையான இடத்துக்கு நேராகப் போய்விடலாம்.

படி 1: குரலை மறந்துவிட்டு வாசிப்பைக் கேளுங்கள்

கனமான குரல், வெண்கலக் குரல், தேன் குரல் எல்லாம் முதல் பத்து நிமிடத்துக்குத்தான். அதற்குள் காது பழகிவிடும், அப்புறம் அந்தக் குரல் எதைச் செய்கிறது என்பது மட்டும்தான் மிச்சம். நான் முதலில் கவனிப்பது ஒன்றைத்தான்: வாக்கியம் எங்கே போய் முடியப்போகிறது என்று வாசிப்பவருக்குத் தெரிந்திருக்கிறதா?

தமிழில் இது மற்ற பல மொழிகளைவிட முக்கியம், ஏனென்றால் நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வருகிறது. இப்படி ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 'மழை நின்ற பிறகு, குடையை மறந்து வைத்துவிட்டுப் போன பெரியவர் திரும்பி வருவார் என்று வாசலிலேயே உட்கார்ந்திருந்த பையனை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.' கண்ணால் படிக்கும்போது வாக்கியம் இன்னும் நீள்கிறது என்பது ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். காதுக்கு அந்த வசதி இல்லை. 'திரும்பி வருவார்' என்ற இடத்தில் வாசிப்பவர் குரலைத் தழைத்துவிட்டால் வாக்கியம் முடிந்தது என்று காது நினைத்துக்கொள்ளும், அடுத்து வரும் 'என்று' தடுக்கிவிடும், பெரியவர் திரும்பி வந்தாரா இல்லையா என்று யோசிப்பதற்குள் பையன் கடந்து போயிருப்பான். நல்ல வாசிப்பாளர் குரலைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருப்பார், இன்னும் முடியவில்லை, கூட வா என்று. 'கூப்பிடவில்லை'யில்தான் இறக்கி வைப்பார். இதற்குக் குரல் வளம் தேவையில்லை, வாக்கியத்தை முன்கூட்டியே படித்திருந்தால் போதும்.

அடுத்தது ராகம். சிலர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரே மெட்டில் முடிப்பார்கள், பழைய செய்தி வாசிப்பைப் போல. சாவுச் சேதிக்கும் அதே இறக்கம், கல்யாணச் சேதிக்கும் அதே இறக்கம். ஐந்து நிமிடத்தில் இது உறுத்தாது. இரண்டாவது மணி நேரத்தில், ஏன் கவனம் நிற்கவில்லை என்று தெரியாமலே கவனம் போய்க்கொண்டிருக்கும். தூக்கம் வருகிறது என்று நம்மையே திட்டிக்கொள்வோம், காரணம் அந்த மெட்டுதான்.

மூன்றாவது, மௌனம். புத்தகத்தில் காட்சி மாறும் இடத்தில் ஒரு வெற்று வரி இருக்கும், அல்லது மூன்று நட்சத்திரம் போட்டிருப்பார்கள். காதுக்கு வரும்போது அந்த வரிக்கு ஒரே வடிவம்தான் உண்டு, ஓரிரு விநாடி அமைதி. அதை விடாமல் அடுத்த பத்திக்கு ஓடிவிட்டால், நேற்று ராத்திரி நடந்ததும் பத்து வருடம் கழித்து நடப்பதும் ஒரே காட்சி போலக் கேட்கும். கதை குழப்பமாக இருக்கிறது என்று தோன்றும் புத்தகங்களில் சிலவற்றை அச்சில் எடுத்துப் பாருங்கள். குழப்பமே இருக்காது.

படி 2: மாதிரியைச் சரியாகக் கேளுங்கள்

பெரும்பாலான தளங்கள் சில நிமிட மாதிரி தருகின்றன. பலர் முப்பது விநாடி கேட்டு 'குரல் ஓகே' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். முழுசாகக் கேளுங்கள், இரண்டு தடவை. முதல் தடவை சாதாரணமாக, கதைக்காக. கேட்டு முடித்ததும் எது நினைவில் இருக்கிறது என்று பாருங்கள். சொல்லப்பட்ட விஷயம் நினைவிருந்தால் நல்ல அடையாளம். 'என்ன குரல்டா' என்பது மட்டும் நினைவிருந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இரண்டாவது தடவை அர்த்தத்தை விட்டுவிட்டு வெறும் ஓசையாகக் கேளுங்கள். வாக்கிய முடிவுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவா, மூச்சு இழுக்கும் சத்தம் உறுத்துகிறதா, 'ஸ', 'ச' வரும்போதெல்லாம் காதில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா, நாக்கும் உமிழ்நீரும் ஒட்டிப் பிரியும் அந்தச் சின்ன 'டிக்' சத்தம் வருகிறதா. மாதிரியில் லேசாக எரிச்சலூட்டுவது முழுப் புத்தகத்தில் குறையாது, கூடத்தான் செய்யும்.

மாதிரி பெரும்பாலும் புத்தகத்தின் ஆரம்பத்திலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கும். ஆரம்பத்தில் வருணனையும் அறிமுகமும்தான் அதிகம் இருக்கும், உரையாடல் குறைவு, எல்லாரும் கவனமாகத்தான் வாசிப்பார்கள். ஆகவே சந்தாவிலோ நூலகச் செயலியிலோ கேட்கிறீர்கள் என்றால் நேராக நடுவில் எங்கேயாவது குதியுங்கள், மூன்று பேர் பேசிக்கொள்ளும் இடமாகப் பார்த்து. கதை தெரிந்துவிடுமே என்ற பயம் வேண்டாம், இரண்டு நிமிடத்தில் ஒன்றும் தெரியாது, யார் எவர் என்றே புரியாது.

இன்னொரு சின்ன உபாயம். ஆடிபிள் போன்ற ஆடியோ புத்தகத் தளங்களில் மொத்தப் புத்தகத்துக்கு ஒரு மதிப்பீடு, வாசிப்புக்கு ஒன்று, கதைக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். மொத்த நட்சத்திரத்தைப் பார்ப்பதைவிட வாசிப்புக்கும் கதைக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கதைக்கு உயர்வாகவும் வாசிப்புக்குத் தாழ்வாகவும் இருந்தால் அந்தப் புத்தகத்தை அச்சில் வாங்குங்கள். மாறி இருந்தால், சுமாரான கதையை ஒருவர் தூக்கி நிறுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். பயணத்துக்கு அதைவிட நல்ல துணை கிடையாது.

படி 3: உரையாடலில் எவ்வளவு நடிப்பு உங்களுக்கு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

இது ரொம்பப் பழைய சண்டை. பார்வையற்றவர்களுக்காகப் பேசும் புத்தகங்கள் 1934இல் அமெரிக்காவிலும் 1935இல் பிரிட்டனிலும் இசைத்தட்டுகளாக வர ஆரம்பித்த காலத்திலேயே, நடித்து வாசிப்பதா, தெளிவாக வாசித்துவிட்டு மீதியைக் கேட்பவரின் கற்பனைக்கு விடுவதா என்ற வாதம் இருந்தது. இன்னும் முடியவில்லை, முடியாது, ஏனென்றால் இது ரசனை சார்ந்தது. ஆனால் உங்கள் ரசனை எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு முனையில் எல்லாப் பாத்திரத்தையும் ஏறக்குறைய ஒரே குரலில் வாசிப்பவர்கள். இன்னொரு முனையில் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல், வயசானவருக்கு நடுக்கம், குழந்தைக்குக் கீச்சு, வில்லனுக்குக் கரகரப்பு. இந்த இரண்டாவது வகை நகைச்சுவையிலும் சிறுவர் கதையிலும் பிரமாதமாக இருக்கும், மற்றதில் சீக்கிரம் சலித்துவிடும். அதிலும் ஆண் வாசிப்பாளர் பெண் பாத்திரத்துக்குக் குரலை மேலே ஏற்றி மெல்லிசாக்கிப் பேசினால் அந்தப் பாத்திரமே கேலிச்சித்திரமாகிவிடுகிறது. பெண் வாசிப்பாளர் ஆண் பாத்திரத்துக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டு பேசுவதும் அப்படியே. கைதேர்ந்தவர்கள் சுருதியைத் தொடவே மாட்டார்கள். வேகத்தை மாற்றுவார்கள். ஒருத்தர் யோசித்து யோசித்துப் பேசுவார், இன்னொருத்தர் அடுத்தவர் முடிப்பதற்குள் ஆரம்பிப்பார், மூன்றாமவர் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை முழுங்குவார். குரல் ஒன்றுதான், ஆள் மூன்று பேர்.

இங்கேயும் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. 'என்றான்', 'என்றாள்', 'என்று கேட்டார்' எல்லாம் பேச்சு முடிந்த பிறகுதான் வரும். நான்கு வரி பேசி முடித்த பிறகுதான் பேசியது யார் என்று எழுத்து சொல்கிறது. அச்சில் கண் முன்னால் ஓடிப் பார்த்துவிடும், காது காத்திருக்க வேண்டும். எனவே முதல் சொல்லிலேயே ஆளைக் காட்டிவிடுகிற சின்ன வேறுபாடாவது வாசிப்பில் இருந்தே ஆக வேண்டும். நடிப்பே வேண்டாம் என்பவர்கள்கூட இதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பேன். அதேபோல, கதை எழுத்து நடையிலும் உரையாடல் பேச்சு நடையிலும் இருக்கும் நாவலில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகத் தெரிய வேண்டும். சிலர் பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழின் விறைப்போடு உச்சரிப்பார்கள். 'போய்ட்டு வரேன்' என்பதை ஒவ்வோர் எழுத்தாக, அறிவிப்பு போல. அந்தக் கணமே பாத்திரம் செத்துவிடும்.

பல குரல்களில் வரும் தயாரிப்புகள் தனி ரகம். இரண்டு பேர் மாறி மாறிக் கதை சொல்லும் நாவலுக்கு இரண்டு வாசிப்பாளர்கள் என்பது நியாயமான ஏற்பாடு, யார் அத்தியாயம் என்ற குழப்பமே வராது. 2017இல் வெளிவந்த ஓர் ஆங்கில நாவலின் ஒலிவடிவத்தில் 166 பேர் குரல் கொடுத்தார்கள், அந்தக் கதையில் பேசும் கூட்டமே அவ்வளவு பெரியது. இசை, கதவுச் சத்தம், மழைச் சத்தம் எல்லாம் சேர்த்து நாடகமாகவே செய்வதும் உண்டு. அதை நான் புத்தகம் கேட்பதாகக் கணக்கில் வைப்பதில்லை, வானொலி நாடகம் கேட்பதாக வைத்துக்கொள்கிறேன், அப்படி நினைத்துக் கேட்டால் ஏமாற்றம் இல்லை. பின்னணி இசை வசனத்தோடு சேர்ந்தே தொடர்ந்து ஓடினால் மட்டும் எனக்கு ஆகாது. அந்த இடத்தில் சோகப்பட வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

படி 4: புத்தக வகைக்கு ஏற்ற வாசிப்பாளரைப் பொருத்துங்கள்

தன்வரலாறு, நினைவுக்குறிப்பு என்றால் எழுதியவரே வாசித்ததைத் தேடுங்கள். பயிற்சி இல்லாத குரலாக இருக்கும், அங்கங்கே தடுமாறும், பரவாயில்லை. எந்த இடத்தில் அவர் குரல் தாமாகவே மெதுவாகிறது என்பது வேறு யாராலும் செய்ய முடியாத விஷயம். நாவலுக்கு இந்த விதி செல்லாது. நாவலாசிரியர்களில் பலருக்குத் தங்கள் பாத்திரங்களைப் பேசத் தெரியாது, எழுதத்தான் தெரியும், அதில் குறையொன்றும் இல்லை.

கட்டுரை, வரலாறு, அறிவியல் நூல்களுக்கு உணர்ச்சியைவிடத் தெளிவு முக்கியம். பெயர்களையும் ஆண்டுகளையும் எண்களையும் ஓட்டிவிடாமல், ஒவ்வொன்றுக்கும் முன்னால் அரை விநாடி இடம் விட்டு வாசிக்கிறவர் வேண்டும். அட்டவணையும் படமும் நிறைய உள்ள நூலை எவ்வளவு நல்ல வாசிப்பாளராலும் காப்பாற்ற முடியாது, அதை வாங்கவே வாங்காதீர்கள். பட்டியல் படிக்கப்படுவதைக் கேட்பதைவிடப் பெரிய தண்டனை இல்லை.

மர்மக் கதையில் வாசிப்பவர் தனக்கு முடிவு தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளக் கூடாது. குற்றவாளி அறிமுகமாகும் காட்சியிலேயே குரலில் ஒரு நிழல் விழுந்துவிட்டால் கதை முடிந்தது. வாசிப்பாளர்கள் பதிவுக்கு முன் முழுப் புத்தகத்தையும் படித்துத் தயாராவதே வழக்கம், ஏனென்றால் ஒரு பாத்திரத்துக்குத் திக்குவாய் என்ற தகவல் கடைசி அத்தியாயத்தில்தான் வரும் என்றால் முதல் அத்தியாயத்திலேயே அதற்குத் தகுந்த மாதிரி பேசியிருக்க வேண்டும். ஆக எல்லாம் தெரிந்துகொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி வாசிக்க வேண்டும். மிகக் கஷ்டமான வேலை, சரியாகச் செய்யும்போது யாரும் கவனிப்பதில்லை.

கவிதைக்கு விதி சொல்ல மாட்டேன். சின்னச் சின்னதாகக் கேளுங்கள், அவ்வளவுதான்.

படி 5: உச்சரிப்பைச் சோதியுங்கள்

தமிழ்ப் புத்தகம் கேட்பவர்களுக்கு இது தனியாகத் தேவைப்படும். ழ, ள, ல மூன்றும் ஒன்றாகிவிட்டால் கிழியும் கிளியும் கிலியும் ஒரே குட்டையில் விழுந்துவிடும். ண, ன, ற, ர விஷயத்தில் நான் அவ்வளவு கறாராக இருப்பதில்லை, பேச்சில் பலருக்கும் அவை நெருங்கித்தான் ஒலிக்கின்றன, அர்த்தம் கெடாதவரை விட்டுவிடலாம்.

அதைவிட அதிகம் படுத்துவது, எழுத்தில் தெரியாத ஒலிகள். தமிழில் ப ஒன்றுதான், அது எங்கே அழுத்தமாக வரும், எங்கே மெலிந்து வரும் என்பதைத் தமிழ்ச் சொல்லில் நாக்கே பார்த்துக்கொள்ளும். பிறமொழிப் பெயர் வந்தால்தான் மாட்டிக்கொள்கிறோம். ஒரு வெளிநாட்டுப் பெயர் மொழிபெயர்ப்பு நாவலில் 'க'வில் ஆரம்பித்தால் அதை எப்படிச் சொல்வது என்று எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, வாசிப்பவர் முன்பே விசாரித்து வைத்திருக்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு விதமாகவும் ஒன்பதாம் அத்தியாயத்தில் வேறு விதமாகவும் ஒரே பெயர் ஒலித்தால் தயாரிப்பு அவசரத்தில் நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். மொழிபெயர்ப்பு நாவல் எடுக்கும்போது நடுவில் குதித்துக் கேளுங்கள் என்று முன்னால் சொன்னதற்கு இதுவும் காரணம்.

வட்டார வழக்கு உரையாடல் இருக்கும் புத்தகம் என்றால், அந்த வழக்கைப் பேசி வளர்ந்தவர் வாசிப்பதுதான் மேல். தெரியாதவர் முயற்சி செய்து அரைகுறையாகப் பிடிப்பதைவிடப் பொதுவான பேச்சு நடையில் நேர்மையாக வாசித்துவிட்டுப் போவது எவ்வளவோ நல்லது.

படி 6: வேகத்தை வாசிப்பவரைப் பார்த்து வையுங்கள்

ஆங்கில ஆடியோ புத்தகங்கள் பொதுவாக நிமிடத்துக்கு 150 முதல் 160 சொற்கள் என்ற கணக்கில் ஓடுகின்றன. மௌனமாகப் படிக்கும்போது ஆங்கிலம் படிப்பவர்களின் சராசரி ஏறக்குறைய 240 சொற்கள். தமிழில் சொற்கள் நீளம், ஒரு சொல்லிலேயே ஆங்கிலத்தின் மூன்று நான்கு சொற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதனால் எண்ணிக்கை இதைவிடக் குறைவாகவே வரும். ஆனால் கேட்பது படிப்பதைவிட மெதுவானது என்பது பொதுவான உண்மை, கை தானாக வேகப் பொத்தானுக்குப் போவதன் காரணமும் அதுதான்.

கணக்கு எளிது. பத்து மணி நேரப் புத்தகம் 1.25 வேகத்தில் எட்டு மணி நேரம், 1.5இல் ஆறு மணி நாற்பது நிமிடம், இரண்டு மடங்கில் ஐந்து மணி நேரம். இன்றைய செயலிகள் சுருதி ஏறாமல் வேகத்தை மட்டும் கூட்டுகின்றன, அதனால் யாரும் குருவி மாதிரி கீச்சிடுவதில்லை. ஆனால் பேச்சோடு சேர்ந்து மௌனமும் சுருங்குகிறது. ஒரு மரணச் செய்திக்குப் பிறகு வாசிப்பவர் அளந்து விட்ட இரண்டு விநாடி, இரண்டு மடங்கு வேகத்தில் ஒரு விநாடியாகிவிடும், அடுத்த வாக்கியம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்துவிடும். நகைச்சுவைக்கும் இதே கதி, சிரிப்பு வருவதற்கான இடம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

நான் சொல்லும் முறை: முதல் இருபது நிமிடத்தை இயல்பான வேகத்திலேயே கேளுங்கள், வாசிப்பவரின் நடை பிடிபடட்டும். இழுக்கிறது என்று தோன்றினால் ஒரேயடியாகத் தாண்டாமல் 1.1, 1.15 என்று ஏற்றுங்கள். அடிக்கடி பின்னால் போய்க் கேட்க வேண்டியிருக்கிறது என்றால் வேகம் அதிகம். கட்டுரை நூல்களுக்கு 1.3 வரை எனக்குச் சரியாக வருகிறது, நல்ல வாசிப்பாளர் வாசித்த நாவலுக்கு 1.1க்கு மேல் மனசு வரவில்லை. சில செயலிகளில் மௌனத்தைத் தானாக வெட்டும் வசதி இருக்கிறது, உரையாடல் நிகழ்ச்சிகளுக்கு அது உதவும், கதைக்கு அதை அணைத்து வையுங்கள். மெதுவாக்குவதையும் மறந்துவிடாதீர்கள். பழந்தமிழ்ச் செய்யுள் வரும் புத்தகத்தை 0.9இல் கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

படி 7: எங்கே, எதில் கேட்கிறீர்கள் என்று பாருங்கள்

ஒரே வாசிப்பு, அமைதியான அறையில் ஒரு மாதிரியும் ஓடும் வண்டியில் வேறு மாதிரியும் இருக்கும். ஆடியோ புத்தகத் தயாரிப்புக்கான ஏசிஎக்ஸ் என்ற தளம், ஒவ்வொரு கோப்பின் சராசரி ஒலி அளவும் மைனஸ் 23க்கும் மைனஸ் 18 டெசிபலுக்கும் இடையில் இருக்க வேண்டும், பின்னணி இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. சராசரிக்குத்தான் இந்த எல்லை. ஒரே அத்தியாயத்துக்குள் கிசுகிசுப்பும் கத்தலும் இருக்கலாம். நடித்து வாசிப்பவர்களிடம் அந்த ஏற்ற இறக்கம் அதிகம், அது வண்டிச் சத்தத்தில் வீணாகும்: கிசுகிசுப்பு காணாமல் போகும், அதற்காக ஒலியைக் கூட்டினால் அடுத்த வசனம் காதைப் பிளக்கும். ஆகவே இரைச்சலான நேரத்துக்குச் சீரான குரலில் வாசிப்பவர், ராத்திரி அமைதிக்கு நடிப்புள்ளவர் என்று இரண்டு புத்தகம் ஓட்டுவது நல்ல ஏற்பாடு.

'ஸ' சத்தம் குத்தினால் செயலியிலோ போனிலோ உள்ள ஈக்வலைசரில் மேல் அலைவரிசையைக் கொஞ்சம் குறையுங்கள். குரல் குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தால் கீழ் அலைவரிசையைக் குறையுங்கள், பாட்டுக்காகப் பேஸ் ஏற்றி வைத்திருப்பீர்கள். ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டிக் கேட்பவர்கள், இரண்டு காதுக்கான ஒலியையும் ஒன்றாக்கித் தரும் மோனோ அமைப்பைப் போட்டுவிடுங்கள், பல குரல் தயாரிப்புகளில் பாதி ஆட்கள் இன்னொரு காதில் இருக்கக்கூடும்.

வாக்கியத்தின் நடுவில் திடீரென்று குரலின் நிறமே மாறுகிறதா, ஒரே ஒரு வரி மட்டும் வேறொரு அறையில் பேசியது மாதிரி? உங்கள் கருவியில் கோளாறு இல்லை. தவறாக வாசித்த வரியை வேறொரு நாள் மறுபடி பதிவு செய்து ஒட்டியிருக்கிறார்கள். ஒரு மணி நேரம் முடிந்த பதிவுக்கு அனுபவமுள்ளவர்களுக்கே மைக் முன்னால் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தேவைப்படும், அப்புறம் திருத்தமும் சரிபார்ப்பும் தனி. எப்போதாவது ஒரு ஒட்டு தெரிந்தால் மன்னித்துவிடலாம். பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தால் மன்னிக்க வேண்டியதில்லை.

படி 8: இயந்திரக் குரலா என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்

இப்போது செயற்கைக் குரலில் வாசிக்கப்பட்ட புத்தகங்கள் நிறைய வருகின்றன, பல தளங்கள் அதைக் குறிப்பிட்டே வைக்கின்றன. வாசிப்பாளர் பெயர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். நான் அதற்கு எதிரியில்லை. யாருமே பதிவு செய்யாத ஒரு நூலைக் கண் தெரியாத ஒருவர் கேட்க முடிகிறது என்றால் அது பெரிய விஷயம், குறிப்புக்காகப் புரட்டும் நூலுக்கு அதுவே போதும். கதைக்குத்தான் போதவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் தனியாகக் கேட்டால் மனிதர் பேசியது போலவே இருக்கிறது, பத்து வாக்கியம் சேர்ந்தால் இல்லை, ஏனென்றால் மூன்று பக்கத்துக்கு முன் நடந்த சண்டை இந்த 'வாங்க'வில் இருக்க வேண்டும் என்பதை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. கண்டுபிடிக்கச் சுலபமான இடங்கள்: ஆண்டுகளும் சுருக்கெழுத்துகளும் விநோதமாக வரும், தமிழில் என்றால் கூட்டுச் சொற்களைத் தவறான இடத்தில் உடைக்கும், ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்போது அச்சடித்த மாதிரி ஒரே அழுத்தத்தில் வரும்.

படி 9: பிடிக்கவில்லை என்றால் எப்போது விடுவது

அரை மணி நேரம் கொடுங்கள். பழக்கமில்லாத உச்சரிப்பு, வேறு ஊர் வாடை, எதிர்பார்த்ததைவிட வயசான அல்லது இளமையான குரல், இவையெல்லாம் அதற்குள் பழகிவிடும். பழகாதவை வேறு சில: வாக்கியம் புரியாமல் வாசிப்பது, ஒரே மெட்டு, பாத்திரங்களைக் கேலி செய்வது போன்ற குரல்கள், ஒலிப்பதிவின் குறைகள். இந்த இரண்டாவது பட்டியலில் ஏதாவது இருந்தால் அரை மணிக்கு மேல் காத்திருக்க வேண்டாம், நிறுத்திவிடுங்கள். காசு கொடுத்தாயிற்றே என்று எட்டு மணி நேரம் கஷ்டப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். சில தளங்களில் திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கிறது, அதன் விதியை வாங்குவதற்கு முன்பே படித்து வையுங்கள்.

பதிப்புரிமை முடிந்த பழைய நூல் என்றால் அதே புத்தகத்துக்கு வேறு வாசிப்பு இருக்க வாய்ப்பு அதிகம். 2005இல் தொடங்கிய லிப்ரிவாக்ஸ், தன்னார்வலர்கள் வாசித்த பதிவுகளை இலவசமாகத் தருகிறது. சில நூல்களுக்கு நான்கைந்து பேரின் வாசிப்புகள் உண்டு, தரம் ஆளுக்கு ஆள் மாறும், சில கூட்டுப் பதிவுகளில் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஆளே மாறுவார். ஒரே முதல் அத்தியாயத்தை மூன்று பேர் வாசித்துக் கேட்பது காதைப் பழக்க மிக நல்ல பயிற்சி. முதல் படியில் சொன்னதெல்லாம் அரை மணி நேரத்தில் விளங்கிவிடும்.

சுருக்கப்பட்ட பதிப்பா முழுப் பதிப்பா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏன் கதை தாவுகிறது, வாசிப்பவர் ஏன் ஓடுகிறார் என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள், பாதிப் புத்தகத்தை வெட்டியிருப்பார்கள்.

படி 10: வாசிப்பாளர் பெயரைக் குறித்து வையுங்கள்

பிடித்த புத்தகம் முடிந்ததும் எழுத்தாளரின் அடுத்த நூலைத் தேடுவது நம் வழக்கம். ஆடியோவில் வாசிப்பாளரின் அடுத்த நூலையும் தேடுங்கள். ஏறக்குறைய எல்லாச் செயலியிலும் வாசிப்பவர் பெயரைத் தட்டினால் அவர் வாசித்த மற்றவை வரும். எனக்கு ஆர்வமே இல்லாத துறைகளில் சில நூல்களைக் கேட்டது இப்படித்தான், ஆளை நம்பி.

போனில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள், பெயர், என்ன பிடித்தது, எந்த வேகம் சரியாக இருந்தது, எதைச் செய்துகொண்டே கேட்க முடிந்தது. பிடிக்காதவர் பெயரையும் எழுதுங்கள், ஏன் என்பதோடு. விமர்சனம் எழுதும் பழக்கம் இருந்தால் 'வாசிப்பு அருமை', 'வாசிப்பு மோசம்' என்று விட்டுவிடாமல் எது என்று சொல்லுங்கள்: உரையாடலில் ஆள் தெரியவில்லை, காட்சி மாறும்போது இடைவெளி இல்லை, பெயர்கள் மாறி மாறி ஒலிக்கின்றன என்று. தயாரிப்பவர்கள் திருத்த முடிந்த குறைகள் இவை, பொதுவாகத் திட்டினால் எதைத் திருத்துவது என்று அவர்களுக்குத் தெரியாது. வாசித்தவரின் பெயரையும் அந்த விமர்சனத்திலேயே எழுதிவிடுங்கள், புத்தகப் பெயருக்குப் பக்கத்திலேயே.